முப்பத்திரண்டு

மகள் பிரசவத்துக்காகக் கல்கத்தாவில் எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்திருந்த கோடை அது. குழந்தை பிறந்ததும் அவள் அறையில் ஏசி, கீசர், பால் புட்டிக்கு வெந்நீர் வைக்கும் கெட்டில் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. மின்சாரம் அளவுக்கு மீறிப் போனால் தானே அணைந்துகொள்ளும் அந்த அறையின் பிரேக்கர் அடிக்கடி டக்கென்று விழும். ஏசி நின்றுவிடும். புழுக்கத்தில் குழந்தை வீரிட்டு அழும்.

நான் சால்ட் லேக்கில் ஓர் அலுவலகத்தில் தொழிற்சாலைகளுக்கு எந்த கேபிள் போடுவது என்று கணக்குப் பார்க்கும் எஞ்சினியர். வீட்டில் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. வேலையாக நான் ஹவுரா பக்கம் அலைந்துகொண்டிருந்தபோது மாடி வீட்டு தாதா, நாங்கள் அண்ணா என்று கூப்பிடும் வங்காளிக்காரர், என் கணவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார். பதினாறு ஆம்பியர் பிரேக்கரைக் கழற்றிவிட்டு முப்பத்திரண்டு போடுங்கள், "கிச்சு ஹொபே நா", ஒன்றும் ஆகாது என்று. இவர் உடனே ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிட்டார். பிறகு பிரேக்கர் விழவேயில்லை. இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

எனக்கு எதுவும் தெரியாது. ஒரு சாயங்காலம் குழந்தைக்குக் கொசுவலை கட்டப் போனபோது தொட்டிலை ஒட்டியிருந்த சுவிட்ச் போர்டில் கை பட்டது. சுட்டது. லேசாகத் தீய்ந்த வாடையும் வந்தது. மெயினை அணைத்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மகள் கூடத்துக்கு வந்தாள்.

பிரேக்கர் மாற்றிய கதையை இவர் அப்போதுதான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

"அது ஏசிக்குக் காவல் இல்லை. சுவருக்குள்ள ஓடற ஒயருக்குக் காவல். காவல்காரனை நீங்களே தூங்க வெச்சுட்டேள்" என்றேன்.

எங்களுடையது பழைய கட்டடம். மெல்லிய அலுமினிய ஒயர், மீட்டரிலிருந்து நீண்ட தூரம், ஒரே குழாயில் இன்னும் நாலைந்து ஒயர்களோடு ஒட்டி உரசி வருகிறது. போதாததற்கு கல்கத்தா வெயில். எவ்வளவு மின்சாரம் போகும், எவ்வளவு தூரம் போகும், சுற்றிலும் எவ்வளவு சூடு என்று பார்த்துத்தான் ஒயரின் பருமனை முடிவு செய்ய வேண்டும். அந்த ஒயர் தாங்கும் அளவுக்குள் பிரேக்கர் இருக்க வேண்டும். இவர் செய்தது நேர் தலைகீழ்.

மறுநாள் ஒயரை உருவி எடுக்கும்வரை எனக்கு உயிரே இல்லை. முனையில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குக் கறுத்திருந்தது. குழாய்க்குள் இருந்தது முழுக்க நன்றாகவே இருந்தது. அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று அறை முழுக்கச் செம்பு ஒயர் இழுத்தோம். ஏசிக்கு நான்கு சதுர மில்லிமீட்டரில் தனி லைன். அறைக்குப் பழையபடி பதினாறு ஆம்பியர் பிரேக்கர்.

சில நாள் கழித்து இவர் கீசரையும் கெட்டிலையும் போட்டுவிட்டு அதே அறையில் சட்டைக்கு இஸ்திரியும் போட ஆரம்பித்தார். சற்று நேரத்தில் டக்.

"ட்ரிப் ஆயிடுத்து" என்று இஸ்திரிப் பெட்டியும் கையுமாக வந்து திருதிருவென்று முழித்தார்.

ஏசி தன் லைனில் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை. "ஆகட்டும், நன்னா ஆகட்டும்" என்றேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.