புது வரகு பிஸ்கட்

ரேணுகாதேவி வாசலில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையை அவள் உள்ளங்கையில் தட்டுகிற ஒவ்வொரு தட்டையும் கோகுல்ராஜ் எண்ணினான். பன்னிரண்டு வரை சரியாகப் போய், பிறகு மறுபடியும் ஏழுக்கு வந்தான். அவனுக்கு ஐந்து வயது; கொழுந்தன் விஜயராஜின் மகன். அவனுடைய அம்மா அருணா, தன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று முந்தின நாள் காலை பஸ்ஸில் செங்கம் போயிருந்தாள். "ரெண்டே நாள்க்கா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்லவே வேண்டியதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பையன் பாதி நாள் இந்தப் பக்கம்தான் சாப்பிடுவான். அண்ணன் தம்பி இருவரும் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்தார்கள்; பொங்கலுக்குத்தான் திரும்புவார்கள்.

"பெரிம்மா, மணி பிஸ்கட்ட நான்தான் வெட்டுவேன்."

"நீ மரம் வெட்டுடா. மணியோட நாக்க நீ பிச்சி வாயில போட்டுக்குவ" என்றாள் இளவரசி. ரேணுகாவின் மகள். பத்து வயதுக்கு அதிகாரம் கொஞ்சம் கூடுதல்.

"நாக்கு உடைஞ்சா அத நான்தான் திங்கணும். பெரிம்மா சொல்லிச்சு."

"பெரிம்மா எப்படா சொன்னேன்?" என்று கேட்டுச் சிரித்தாள் ரேணுகா.

இந்தப் பிஸ்கட் சுடுவதை அவள் வேலூரில் கற்றுக்கொண்டாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஒரு நர்ஸம்மா வீட்டில் வேலைக்கு விட்டார்கள். ஆறு வருஷம் இருந்தாள். டிசம்பர் பாதியானால் அந்த வீட்டில் மேஜை முழுக்க மாவு இருக்கும். நட்சத்திரம், மணி, மரம் என்று வெட்டி, சுட்டு, தெரு முழுக்கக் கொடுப்பார்கள். முதல் இரண்டு வருஷம் ரேணுகாவுக்குத் தட்டுக் கழுவுகிற வேலை. மூன்றாம் வருஷம் சர்க்கரை பொடித்தாள். கடைசி வருஷம் அடுப்பே அவள் பொறுப்பில் இருந்தது. கல்யாணத்துக்காக மலைக்குத் திரும்பியபோது நர்ஸம்மா மூன்று தகர அச்சுகளைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

ஊரில் முதல் தடவை சுட்டபோது, அப்போது உயிரோடிருந்த மாமியார், "இது எந்தச் சாமிக்குடி?" என்று கேட்டாள்.

"சாமிக்கு இல்ல அத்தே. புள்ளைங்களுக்கு."

மாமியார் நாலு தின்றாள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. வருஷா வருஷம் பள்ளிக்கூடம் அரைப்பரீட்சை லீவு விட்ட மறுநாள் பிஸ்கட் என்று ஆகிவிட்டது. வேலூரில் இருந்த மாதிரி மின் அடுப்பு இங்கே இல்லை. பெரிய அலுமினியக் குண்டானில் மணலைக் கொட்டிச் சூடேற்றி, உள்ளே தட்டை வைத்து மூடி, மூடியின் மேல் தணலைப் பரப்புவாள். வெண்ணெய்க்கு டால்டா. மைதா பாதி, சாமை மாவு பாதி. முழுக்க மைதாவில் செய்தால் பல்லில் ஒட்டுகிறது. சாமை சேர்த்தால் மொறுமொறுப்பாக வரும்.

இந்த வருஷம் சாமை போதவில்லை. இப்போதெல்லாம் மலைக்குக் கீழே சாமைக்கு நல்ல விலை இருப்பதால் களத்திலிருந்தே வியாபாரி எடுத்துக்கொண்டு போகிறான். வீட்டுக்கென்று வைத்திருந்த சாமையை அரைத்துப் பார்த்தால் மாவு இரண்டு கைப்பிடிதான் தேறியது. பிள்ளைகள் இருவரும் அச்சுகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துவிட்டிருந்தார்கள்.

பரண் கீழே ஒரு டப்பாவில் வரகரிசி இருந்தது. மகளிர் குழுவுக்குப் புதிதாக வந்த உமி நீக்குகிற மெஷினை ஓட்டிப் பார்ப்பதற்காக, போன வாரம் ஆளுக்கு இரண்டு படி புது வரகு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதில் வந்த அரிசி. ஓட்டி முடித்ததும், "ஆடி வரைக்கும் யாரும் ஒலையில போடாதீங்கடி" என்று குழுத் தலைவி பச்சையம்மா சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். மலையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? புது வரகை உடனே தின்னக் கூடாது. ஒரு கோடை தாண்டும் வரை குதிரில் கிடக்கவேண்டும். அதிலும் அறுப்பு நேரத்தில் மழை பிடித்த வரகு என்றால் கிறுக்கு வரகு. தின்றவர் தள்ளாடுவார், உளறுவார், நாள் முழுக்கத் தூங்குவார். இந்த வருஷம் புயல் மழையில் மூன்று நாள் தாளோடு நனைந்த வரகு அது.

ரேணுகாவுக்கும் இது தெரியும். ஆனால் மூன்று கைப்பிடிதானே என்று நினைத்தாள். சோறாகப் பொங்கினால்தான் ஆகாது, தணலில் அப்படி வேகும்போது எது நிற்கப்போகிறது என்று நினைத்தாள். அதை அரைத்துக் கலந்து பிசைந்து முகர்ந்தபோது ஈரச் சாக்கின் வாடை லேசாக அடித்தது. இன்னும் நாலு ஏலக்காயைத் தட்டிப் போட்டாள். வாடை போய்விட்டது.

இளவரசி வெட்டினாள். கோகுல் மரத்தை அமுக்கிவிட்டு, அச்சைத் தூக்கும்போது ஓரத்தில் மிஞ்சிய மாவை வாயில் போட்டுக்கொண்டான். முதல் ஈடு வெந்து வந்தபோது வீடே ஏலக்காய் மணத்தது. இளவரசி பீட்ரூட் சாறு கலந்த சர்க்கரைப் பாகை ஈர்க்குச்சியால் தொட்டு நட்சத்திரங்களுக்குக் கோடு இழுப்பதிலேயே இருந்ததால் இரண்டுதான் தின்றாள். உடைந்த மணிகளெல்லாம் கோகுலுக்குப் போயின. உடையாததையும் அவனே உடைத்தான். ரேணுகா ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. பிள்ளைகள் தின்று மிஞ்சினால் தின்பது அவள் வழக்கம்.

பதினொன்றரை மணி இருக்கும். வாசலில் கோகுல் நடந்து வந்தவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எழுந்து, மறுபடியும் சாய்ந்தான். இளவரசி கைதட்டிச் சிரித்தாள்.

"அம்மா, இவன் குடிகாரன் மாரி நடிக்கிறான் பாரு!"

அவனும் சிரித்தான். பிறகு தண்ணீர் கேட்டான். ரேணுகா டம்ளரைக் கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்த டம்ளர் கடகடவென்று ஆடித் தண்ணீர் மார்பில் கொட்டியது. அவன் தன் கைகளையே குனிந்து பார்த்தான்.

"பெரிம்மா, கை ஏன் ஆடுது?"

ரேணுகா உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். பதில் சொல்வதற்குள் அவன் அவள் மடியில் சரிந்து கண்ணை மூடிவிட்டான். உலுக்கினாள். முனகினான். இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். கண் மேலே செருகியிருந்தது.

"எனக்கும் தலை சுத்துதும்மா" என்றாள் இளவரசி. இப்போது அவள் சிரிக்கவில்லை.

கிறுக்கு வரகு தின்றவர்களைப் பற்றி ஊரில் நிறையக் கதைகள் இருந்தன. எல்லாம் சிரிப்புக் கதைகள். மாட்டுக்குப் பதிலாக மனைவியை அவிழ்த்துக்கொண்டு போனவன், கல்யாணப் பந்தலில் தூங்கி மூன்றாம் நாள் எழுந்தவன். எல்லாரும் பெரிய ஆட்கள். ஐந்து வயதுப் பிள்ளை எழுந்த கதையை அவள் கேட்டதில்லை. எழாத கதையை யாரும் சொல்லமாட்டார்கள் என்பதும் அந்த நேரத்தில்தான் அவளுக்குத் தோன்றியது.

புளியைக் கரைத்து இளவரசிக்குக் குடிக்கக் கொடுத்தாள். குடித்துவிட்டு வாந்தி எடுத்தாள். கோகுலுக்கு உள்ளே இறங்கவில்லை, கடைவாயில் வழிந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, இளவரசியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு அர்ச்சுனனின் வீட்டுக்கு ஓடினாள். அவனிடம் புளி ஏற்றுகிற லோடு ஆட்டோ இருந்தது.

"இன்னா அண்ணி, புள்ளைக்கு இன்னா?"

"வண்டிய எடு."

"காய்ச்சலா?"

"எடுடா மொதல்ல!"

சுகாதார நிலையத்துக்கு எட்டு கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் அவள் கோகுலின் மூக்கருகே விரலை வைத்தே வந்தாள். வண்டியின் அதிர்வில் மூச்சு தெரியவில்லை. காதை அவன் நெஞ்சில் வைத்தால் எஞ்சின் சத்தம்தான் கேட்டது. இரண்டு தடவை அர்ச்சுனனை வண்டியை நிறுத்தச் சொல்லி, மூச்சு இருப்பதைப் பார்த்துக்கொண்டு, மறுபடியும் போகச் சொன்னாள்.

சுகாதார நிலையத்தில் இளம் டாக்டர் ஜீவானந்தமும் நர்ஸ் அன்பரசியும் இருந்தார்கள். கட்டிலில் படுக்க வைத்ததும் டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார்.

"இன்னாம்மா சாப்ட்டான்?"

"பிஸ்கட்டுங்க."

"கடையில வாங்குனதா?"

ஆமாம் என்று தலை தானாக ஆடிவிட்டது.

"எந்தக் கடை?"

"ஒடுகத்தூர்ல... யாரோ வாங்கியாந்து குடுத்தாங்க."

"கவர் எங்க?"

"அடுப்புல போட்டுட்டேங்க."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டருக்குப் பயந்து சொன்னதல்ல. இந்த அறையில் சொல்கிற எதுவும் ஐந்து மணி பஸ்ஸில் வந்து இறங்குகிற அருணாவின் காதுக்குப் போகும். அக்கா வேலூருக்குப் போய் வந்தவள், எல்லாம் தெரிந்தவள் என்று நம்பித்தான் அருணா பிள்ளையை விட்டுப் போனாள்.

"எலி மருந்து, பூச்சி மருந்து எதுனா வூட்ல கீதா? ஊமத்தங்காய் எதுனா வாயில வச்சானா?" என்று கேட்டாள் அன்பரசி.

"இல்லீங்க சிஸ்டர்."

"எதுன்னு தெரியாம நான் இங்க வச்சிக்க முடியாது" என்றார் டாக்டர். "நூத்தியெட்டுக்குச் சொல்லுங்க. வேலூருக்கு அனுப்பணும். அதுக்குள்ள டியூப் விட்டு வயித்தக் கழுவிடலாம். மயக்கத்துல இருக்கான், மூச்சுக் கொழாய்க்குள்ள எறங்கிடாம பாத்து விடணும்."

அன்பரசி உறையைக் கிழித்து டியூபை எடுத்தாள். ரேணுகாவின் முழங்கை நீளம் இருந்தது. கோகுலின் மூக்குத் துவாரம் ஒரு கடலை அளவு.

"புது வரகுங்க" என்றாள் ரேணுகா.

இருவரும் திரும்பினார்கள்.

"கடை பிஸ்கட் இல்லீங்க. நான் சுட்டது. மழையில நனைஞ்ச வரகு, மூணு கைப்பிடி போட்டேன்."

டாக்டருக்கு விளங்கவில்லை. மலையிலேயே பிறந்த அன்பரசிக்கு விளங்கியது. டியூபைத் தட்டில் வைத்தாள்.

"கிறுக்கு வரகு சார். எங்க தாத்தா ஒரு தபா ரெண்டு நாள் எழுந்துக்கவே இல்ல."

"அப்பறம்?"

"எழுந்துட்டாரு சார்."

"சின்னப் புள்ளைங்க?"

அன்பரசி டாக்டரைப் பார்த்தாள். கோகுலின் கையைத் திருப்பி, ஊசி போட நரம்பு தேடினாள்.

டாக்டர் யார் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்து, இதற்கு வயிற்றைக் கழுவ வேண்டாம், மாற்று மருந்தும் இல்லை, குளுக்கோஸ் ஏற்றி மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், மூச்சு குறைந்தால் வேலூர்தான் என்றார். ஆம்புலன்ஸை வாசலிலேயே நிற்க வைக்கிறேன் என்றார். "மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா? நீ சொல்லலன்னா இந்நேரம் அந்த டியூப வீணா உள்ள விட்டிருப்பேன்" என்று ஒரு முறைதான் சொன்னார். அவருடைய கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "ஒரு நிமிஷத்துக்கு எத்தினி மூச்சுன்னு எண்ணு. பதினஞ்சுக்குக் கீழ போனா கூப்புடு."

அவள் எண்ணினாள். இருபத்திரண்டு. இருபது. பத்தொன்பது. இளவரசி பக்கத்துக் கட்டிலில் இன்னொரு தடவை வாந்தி எடுத்து, பிறகு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பதினெட்டு. அதற்கு முன்னால் எண்ணியது தப்போ என்று மறுபடியும் எண்ணினாள். பதினெட்டுதான். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. ஒரு தடவை பதினாறு வந்தது. "சிஸ்டர்" என்று கத்தினாள். அன்பரசி ஓடி வந்து தானும் எண்ணி, பதினேழு என்றாள்.

பஸ் வந்தது. அருணா செருப்பை வாசலில் விடக்கூடத் தோன்றாமல் உள்ளே ஓடி வந்தாள். அர்ச்சுனன் போனில் மயக்கம் என்று மட்டும் சொல்லியிருந்தான். பிள்ளையின் தலையைத் தடவி, காலைத் தடவி, பிறகு ரேணுகாவைப் பார்த்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாதக்கா. நீ இன்னா பண்ணுவ? இவன் எதையாவது பொறுக்கி வாயில போட்டிருப்பான். நீ இருந்ததால தூக்கியாந்த. நானா இருந்தா தூங்கறான்னு விட்டிருப்பேன்."

ரேணுகா அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"அவன் பொறுக்கல அருணா. நான்தான் குடுத்தேன். பிஸ்கட்டுல புது வரகு போட்டேன்."

"தெரியாமதானக்கா..."

"தெரியும். வாடை வந்துச்சு. ஏலக்கா போட்டு மறைச்சேன்."

அருணா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வாய் எடுத்தாள். அப்போது கட்டிலில் அசைவு தெரிந்தது. கோகுல் கண்ணைத் திறந்தான். பார்வை எதிலும் நிற்கவில்லை; கூரை, ஜன்னல், குளுக்கோஸ் பாட்டில் என்று அலைந்து அம்மாவிடம் வந்து நின்றது. தண்ணி என்றான். தூக்கிய கை இன்னும் நடுங்கியது. அருணா அந்தக் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்து அமுக்கிக்கொண்டாள். உள்ளே அது துடித்துக்கொண்டேயிருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். முழித்தது நல்லது, ஆனால் நாளைக் காலை வரை எதுவும் சொல்ல முடியாது, மறுபடியும் மயக்கத்துக்குப் போனால் உடனே கீழே அனுப்பவேண்டும், யாராவது ஒருவர் மூச்சு எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும் என்றார்.

ரேணுகா கடிகாரத்தைப் பிடித்திருந்த கையை நீட்டினாள். அருணா வாங்கிக்கொண்டாள். கோகுல் திரும்பவும் கண்ணை மூடினான். அருணா முள்ளைப் பார்த்து, உதடு அசைய எண்ணி முடித்தாள்.

"எத்தினி வந்துச்சு?" என்று கேட்டாள் ரேணுகா.

அருணா கட்டிலருகே இருந்த சொம்பை எடுத்துக்கொண்டாள். கடிகாரத்தை இளவரசியின் மடியில் வைத்து, "தம்பியப் பாத்துக்கோ கண்ணு, நான் சுடுதண்ணி புடிச்சிக்கினு வர்றேன்" என்றாள்.

"அருணா, எத்தினின்னு சொல்லிட்டுப் போ."

அருணா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.