முழங்காலைப் பார்ப்பவர் வியாழக்கிழமை வருவாரா?

என் மகள் நிலானி பத்தாம் வகுப்பு, கால்பந்துக்காரி. போன இலையுதிர்காலம் பள்ளி மைதானத்தில் முழங்கால் திருகி விழுந்தாள். ஐஸ் வைத்தார்கள். நடக்கலாமா கூடாதா என்று சொல்லத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. பிள்ளை நொண்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். அந்த நடைதான் காலைக் கெடுத்தது என்றார் டொக்டர். இனி மேல்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விளையாட்டுப் பிரிவு உள்ள இரண்டு பள்ளிகளில் விளையாட்டுக் காயங்களுக்கு வைத்தியம் செய்யும் பிசியோ இருக்கிறாரா என்று பார்க்கத் தை மாதத்து வியாழன் ஒன்றில் கிளம்பினோம்.

நோர்வேயில் நாங்கள் இருக்கும் ரொம்சோஸின் ரயில் ஸ்டேசன் மலையைக் குடைந்து கட்டியது. ஊரில் சண்டைக்காலத்தில் பங்கருக்குள் ஒளிந்திருந்த எனக்கு, வந்த புதிதில் அங்கே இறங்கவே மனம் வராது. இப்போது அங்கே நித்திரையே வருகிறது. சரி, கதைக்கு வருவோம். பன்னிரண்டு பத்துக்கு ஏறி, பதினெட்டு நிமிடத்தில் குறொன்லாண்ட்.

அங்கிருந்து ஏழு நிமிட நடையில் முதல் பள்ளி. விளையாட்டு மண்டபம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. பிசியோ இல்லை, முதலுதவிப் பெட்டிதான். நிலானி கொப்பியில் 'இல்லை' என்று எழுதினாள். வெளியே ஒரு கோப்பி குடிக்க முப்பத்திரண்டு குரோனர். குளிருக்கு அது பரவாயில்லை.

பிறகு புருசெத், ரயிலில் பதினாறு நிமிடம். இரண்டாவது பள்ளியில் பிசியோவின் பெயர் போட்ட கதவே இருந்தது. 'உண்டு' என்று எழுதிவிட்டுச் சிரித்தாள். நான் வாசலில் சப்பாத்து நாடா கட்டும்போது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் பனிக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தார். என் உடைந்த நோர்வேஜியனில் விசாரித்தேன். பிசியோ செவ்வாய் காலை மட்டும் வருவார் என்றார். பயிற்சியோ வியாழன் பின்னேரம்.

நிலானி கொப்பியைத் திறந்து பார்த்தாள். பிறகு, "அப்ப என்ர முழங்கால் செவ்வாய்க்கிழமையிலதான் உடையோணும், என்னப்பா" என்றாள்.

"திரும்பிப் போய்க் கேப்பம்."

"நீங்கள் கதைக்க வேண்டாம். நான் கேக்கிறன்."

போய்க் கேட்டாள். பயிற்சியாளர் நல்ல மனிதர். இதை யாரும் கேட்டதில்லை, பிசியோ வரும் நாளை மாற்றிப் பார்க்கிறேன், வாக்குத் தர முடியாது என்றார். ரயிலில் அவள் 'உண்டு' என்பதை அழித்துச் 'செவ்வாய்' என்று எழுதினாள்.

நீங்களும் பள்ளி பார்க்கப் போனால், பயிற்சி நடக்கிற நாளில், நடக்கிற நேரத்துக்குப் போங்கள். 'இருக்கிறாரா' என்று கேட்டால் போதாது, 'எப்போது' என்றும் கேளுங்கள். அலுவலகத்தோடு நிறுத்தாமல், உப்புத் தூவுகிறவரையும் கேளுங்கள்.

இரண்டு கிழமை கழித்துப் பயிற்சியாளரிடமிருந்து பதில் வந்தது. ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் பிசியோ வருவாராம். நிலானி விண்ணப்பத்தில் அந்தப் பள்ளியையே முதலில் போட்டாள். மற்ற வியாழன்களில் மைதானத்து ஓரத்தில் நான் நிற்பேன். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் விழுந்த பிள்ளையை நடக்க விடமாட்டேன்.