கதவடியில் இரண்டு பை

நான் பெயின்ட் அடிக்கிறவன். கோல்டர்ஸ் கிறீனில் ஒரு யூதக் கிழவர் வீட்டில் நாலு நாள் வேலை. தொண்ணூறு தாண்டின மனிசன். தனி ஆள். வெள்ளி பொழுதுபட அவரின் ஓய்வு நாள் தொடங்கும்; அதற்கு முதல் முடிக்கச் சொன்னார்.

வியாழன் பின்னேரம் வாசல் சுவர் மட்டும் மிச்சம். சுவரோடு ஒரு தோல் பை இருந்தது. எடுக்கப் போனேன். தொடாதே என்றார். அறைக்குள் வைக்கிறன் என்றேன். கதவடியை விட்டு அது போகாது என்றார். பைக்கு மேலாலும் பெயின்ட் அடிக்க ஏலாது.

பை எதற்கென்று நான் கேட்கவில்லை. எங்கட வீட்டுக் கதவடியிலும் ஒன்று இருக்கிறது. ஓட வேண்டி வந்தால் தூக்க. கொழும்புக் கலவரத்தில் தமிழர் வீடுகளின் லிஸ்டோடு வீடு வீடாக வந்தார்கள். ஒற்றைச் செருப்போடு மதில் ஏறினவன் நான். மற்றது வீட்டோடு எரிந்தது. அன்றிலிருந்து பை தயார். மனைவிக்கு அது பகிடி.

இதைச் சொன்னேன். கிழவர் நம்பவில்லை. வெள்ளி காலை பையைக் கொண்டுபோனேன்.

மேசையில் இரண்டையும் கொட்டினோம். அவரிடம் பாஸ்போட், தாயின் படம், மூன்று சோடி காலுறை, ஒரு டோர்ச். டோர்ச்சுக்குள் பற்றரி இல்லை. சொன்னேன். அவரின் முகம் சுருங்கிவிட்டது. என்னிடம் பாஸ்போட், எரிந்த வீட்டின் உறுதிப் பத்திரப் பிரதி, பனடோல் குளிசை, சவர்க்காரம். கண்ணாடியைப் போட்டு என்ர பாஸ்போட்டைப் பார்த்தார்.

"இது முடிந்து இரண்டு வருஷம். நீ டோவர் துறைமுகம் தாண்டமாட்டாய்."

பிறகு காலுறைக் கதையை அவரே சொன்னார். அவருக்கு ஆறு வயதில் அவர்களின் ஊரில் யூதரின் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். கோயிலை எரித்தார்கள். தகப்பனை வீட்டுச் செருப்போடு, காலுறையும் இல்லாமல் கூட்டிப்போனார்கள். குளிர் நாள். ஆள் திரும்பவில்லை. அங்கேயும் லிஸ்டோடுதான் வந்தார்களாம்.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

குடித்து முடித்து ஒரு வழி சொன்னார். என்ர பையும் பக்கத்தில் நின்றால் அவருடையது வெளிப்படிக்கு வரலாம். இரண்டையும் படியில் வைத்தேன். கோட்டும் தொப்பியும் போட்டு, கதிரையில் காவல் இருந்தார். போற வாற ஆட்கள் எங்கே பயணம் என்று கேட்டார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்தார். நான் சுவரை அடித்து முடித்தேன்.

வெம்பிளியில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவரின் பையைத் திருப்பி வைத்த நான் என்ர பையையும் அதோடு விட்டுவிட்டேன். பொழுதுபட்டுவிட்டது. இனிச் சனி இருட்டும்வரை அவர் போன் தொடமாட்டார். அவரின் ஓய்வு நாளில் போய்க் கதவைத் தட்டுவதும் சரியில்லை.

"அந்தப் பாஸ்போட்டோடை எங்கையப்பா ஓடப்போறியள்?" என்றாள் மனைவி.

சனி முழுக்க நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. இரண்டு காலிலும் போட்டபடி இருந்தேன்.

இருட்டியதும் அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"ஓட வேண்டி வந்ததா?"

"இல்லை."

"எனக்கும் இல்லை. நாளைக்கு வா. பற்றரி வாங்கிக்கொண்டு வா."

சப்பாத்தைக் கழற்றினேன்.