வெந்நீருக்கு ஒரு மிதிகட்டை

யுத்த காலத்தில், இளம்பிள்ளையில், தறியில் நெய்கிற நூலுக்குச் சாயத்தை வீட்டிலேயே போட்டோம். சாயக் கையோடு என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் சொம்பைத் தொட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதற்காகவே அவர் ஓர் ஏற்பாடு செய்தார். குளிக்கிற இடத்தில் உயரமாக இரண்டு டின்கள். தரையில் இரண்டு மிதிகட்டைகள். இடது காலை அழுத்தினால் ஒரு டின்னிலிருந்து பச்சைத் தண்ணீர் கொட்டும். வலது காலை அழுத்தினால் மற்றதிலிருந்து வெந்நீர்.

கை கழுவ நன்றாகத்தான் இருந்தது. கைக்குழந்தையை அதில் குளிப்பாட்டலாம் என்று கிளம்பினாரே, அதுதான் வினை.

“அண்டாவுல கலந்து, கைய உட்டுப் பாத்து ஊத்தலாமுங்க” என்றேன்.

“நீ புள்ளையப் புடி. மிதிக்கறதுக்கு எனக்கே சொல்லித் தர்றயா?”

பிடித்தேன். இடது காலை அழுத்தினார். தண்ணீர் பட்டதும் மகள் சிரித்தாள். அவரும் அவள் முகத்தைப் பார்த்து, “என்ன சாமி, குளுருதா?” என்று கொஞ்சினார். தறியில் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதித்தே வளர்ந்த கால் சும்மா இருக்குமா? இடது ஏறினால் வலது தானாக இறங்கும். இறங்கியது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிவைத்த வெந்நீர் குழந்தையின் பாதத்தில் விழுந்தது.

ஐயோ, அந்த அலறல்! அவளை இழுத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரை அந்தக் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். “நீங்கெல்லாம் ஒரு மனுசனா?” என்று கத்தினேன்.

புண் ஆறியது. ஆனால் கணுக்காலில் தோல் இழுத்துக்கொண்டது. நடப்பாளா என்று கேட்டதற்கு, எழுந்து நிற்கட்டும் பார்க்கலாம் என்றார் வைத்தியர். என் வீட்டுக்காரரோ குழந்தையைத் தொடுவதையே விட்டுவிட்டார். அவள் தவழ்ந்து வந்தால் எழுந்து போய்விடுவார்.

“என் கை காலயே நம்ப முடியல புள்ள” என்றார்.

முதலில், நல்லா வேணும் என்றிருந்தது. போகப் போக அதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அவள் சுவரைப் பிடித்து நின்றாள். குதிகால் தரையில் படவில்லை. சுவரை விட்டுவிட்டு அவரைப் பார்த்து நொண்டி நொண்டி வந்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் தள்ளாடினாள்.

“புடிங்க! உளுந்துரப் போறா, புடிங்க!”

மண்டியிட்டுப் பிடித்தார். பிடித்தவர், தேம்பித் தேம்பி அழுதுகொண்டு விடவே மாட்டேன் என்கிறார். அவள்தான் இன்னும் நடக்க வேண்டுமென்று அவர் கைக்குள் முண்டினாள்.