ஒரு குடம் நல்ல தண்ணி

தண்ணீர்ச் சத்தம் கேட்டால் மாரிக்கனிக்குக் கை நின்றுவிடும். சேத்தூரில் பள்ளிக்கூடம் போன நாளிலேயே, மழை பெய்தால் ஓட்டுச் சாய்ப்பின் கீழ் நின்றுகொண்டு முதல் மணியை விட்டுவிடுவாள். ராஜபாளையத்து நூல் மில்லில் இரண்டு வருஷம் இருந்தாள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுச் சாமான் விற்கும் கடையில் போன் எடுக்கிற வேலை. நாலு வருஷம். நாற்காலிக்கு எதிரே வெறும் சுவர்.

கடைக்காரர் விக்னேஸ்வரனிடம் மன்றாடித்தான் வீடு வீடாகப் போய் மெஷின் மாட்டும் வேலைக்கு ஒரு மாதம் அனுமதி வாங்கினாள். ஸ்கூட்டர், கருவிப் பை, வலது பக்கம் கூடவே வரும் மலை. இதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் போன வாரம் சுந்தரபாண்டியத்தில், துணி துவைக்கிற மெஷினுக்குள் தண்ணீர் சுற்றுவதைப் பார்த்து லயித்துப்போய், பின்னால் குழாயைப் பிடிக்கும் ஒரு கிளிப்பை முறுக்க மறந்துவிட்டாள். அந்த வீட்டுக் கூடமெல்லாம் தண்ணீர்.

“இன்னிக்கு ராஜபாளையம் வேலைய முடிச்சு ஓடிபி நம்பர் வாங்கிட்டு வா. வாங்கலைன்னா நாளையிலருந்து பழையபடி போன்தான்” என்றார் விக்னேஸ்வரன். வேலை திருப்தி என்றால் வீட்டுக்காரர்கள் தங்கள் போனுக்கு வந்த நாலு எண்ணைச் சொல்வார்கள். அதுதான் கணக்கு.

ராஜபாளையத்து வீட்டுக்காரி ஈஸ்வரி. பட்டாளத்திலிருக்கும் மகன் கௌதம்ராஜ், லீவில் வந்தபோது அம்மாவின் மணிக்கட்டு வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, பட்டாளத்துக்குத் திரும்பியதும் பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டான். அதைச் சமையலறையில் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் ஈஸ்வரி.

தொட்டிக்கு மேலே இரண்டு குழாய்கள். இடது நல்ல தண்ணி, வலது உப்புத் தண்ணி. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் சோதனைத் தாளை மாரிக்கனி வலது குழாயில் நனைத்தாள். கட்டம் எல்லாம் சிவந்துபோனது.

“மேடம், இத நல்ல தண்ணிக் குழாயில மாட்டிருதேன்.”

“ஏட்டி, நாலு நாளைக்கு ஒருக்க வாற தண்ணி. அதுல எச்சிப் பாத்திரத்தக் கழுவச் சொல்லுதியா? பக்கத்து வீட்டு ராஜு வீட்டுக்காரவுக கேட்டா வாயாலயா சிரிப்பாக?”

“சரி, உப்புத் தண்ணிலயே மாட்டுதேன். ஆனா மெஷினுக்குள்ள உப்புப் போடணும். அதுதான் தண்ணியோட கடுப்ப எடுக்கும்.”

“உப்புத் தண்ணிக்கு மேல உப்பா! நீ என்ன, என்னையப் பச்சப் புள்ளைன்னு நெனச்சியா? அந்த மேடத்த விட்டுட்டு அத்தைன்னு கூப்பிடு. திட்டுறதுக்கு அதுதான் தோது.”

மாரிக்கனி உப்பைக் கொட்டினாள். ஒவ்வொரு கிளிப்பையும் இரண்டு தடவை முறுக்கினாள். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களை அடுக்கிக் கதவைச் சாத்தினாள்.

மெஷின் தண்ணீரை இழுத்தது.

முதலில் தூரத்து ஓடை மாதிரி. அப்புறம் உள்ளே சுழன்று, தகரக் கூரையில் விழும் தூறலாக மாறியது. செய்ய ஒரு வேலையும் இல்லாமல் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்ட கையோடு தன் சமையலறையில் ஈஸ்வரி இப்படி உட்கார்ந்ததே இல்லை. செத்த நேரத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள்.

ஜன்னலுக்கு அப்பால் மலை நீலமாக நின்றது. மாரிக்கனி அந்தத் தூறலுக்குள் போய்விட்டாள். மலைச்சரிவில் எங்கோ நடக்கிறாள், காலடியில் ஈரம், இலை நுனிகளிலிருந்து சொட்டுகிறது. இடையிடையே தூறல் அடங்கும், ஓடை வரும், மறுபடி தூறல். ஒருதரம். இன்னொருதரம். மூன்றாவது ஓடை சின்னது.

போன் அடித்தது. விக்னேஸ்வரன்.

“முடிஞ்சுதா? இல்ல, அங்கயும் வாயப் பொளந்துட்டு நிக்கியா?”

“இன்னும் செத்த நேரம், சார்.”

மெஷின் கூவி நின்றது. ஈஸ்வரி எழுந்து ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைப் படலம்.

“இதுக்கு என் கையே தேவல. போன்ல நம்பர் வந்திருக்கு. என்னத்தன்னு சொல்லட்டும்?”

மாரிக்கனிக்குக் கண்முன் சுவரும் நாற்காலியும் வந்தன. வார்த்தை தானாக வெளியே விழுந்தது.

“அத்தை, மூணு தடவதான் தண்ணி குடிச்சுச்சு. கடசி தடவ ரொம்பக் கொஞ்சம். நல்ல தண்ணிலயே கழுவுனாலும் ஒரு குடந்தான் ஆகும்.”

“தூங்கிட்டுக் கெடந்தியேட்டி, ஒனக்கு எப்படித் தெரியும்?”

“தூங்கல. கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

ஈஸ்வரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். தான் கையால் கழுவினால் எத்தனை வாளி ஆகிறது என்று யோசிப்பதுபோல உதடு அசைந்தது. விறுவிறுவென்று போய் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து மேடையில் நங்கென்று வைத்தாள்.

“இன்னிக்கு ஒரு தடவ நல்ல தண்ணிய விடு. கழிவுக் குழாய இதுக்குள்ள விடு. குடம் வழிஞ்சுச்சு, நம்பர் கெடையாது.”

மாரிக்கனி உள்ளே போகும் குழாயை இடது பக்கம் மாற்றினாள். கழிவுக் குழாயின் நுனியைக் குடத்தின் வாயோடு கயிற்றால் கட்டினாள். அதே பாத்திரங்கள், அதே பொத்தான். மறுபடி ஓடை, மறுபடி தூறல். இந்தத் தடவை ஈஸ்வரி தூங்கவில்லை. முதல் கழிவு சூடாக நுரைத்து இறங்கியபோது, “பாதி வந்துருச்சு” என்றாள். இரண்டாவது இறங்கியபோது விரலைக் குடத்தின் கழுத்தில் வைத்துக்கொண்டாள். மாரிக்கனி குடத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

மூன்றாவது கழிவு. குபுகுபுவென்று வந்தது, நூலாக இளைத்தது, நின்றது.

“கழுத்துக்கு ரெண்டு விரக்கட கீழ நிக்கி” என்றாள் ஈஸ்வரி, நம்பாத குரலில். தம்ளரை எடுத்து முந்தானையில் துடைக்கப் போனவள், துடைக்க ஒன்றும் இல்லாததால் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தம்ளருக்குள் மலை தலைகீழாகத் தெரிந்தது.

“ராத்திரிப் பாத்திரத்தையும் சேத்து ஒரே தடவையாப் போடலாமாட்டி?”

“போடலாம், அத்தை. ரெண்டு நேரத்துக்கும் ஒரே குடந்தான்.”

ஈஸ்வரி மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போனை எட்டப் பிடித்தாள்.

“எழுதிக்க. ஏழு... ரெண்டு... ரெண்டு... அது என்ன, ஒம்பதா?”

மாரிக்கனி எட்டிப் பார்த்து, “ஒம்பதுதான், அத்தை” என்றாள்.