டிஷ்யூ பொட்டலம் பிடித்த இடம்

எதிர்வீட்டு கிம் ஹோக் பத்தொன்பது வருடமாக ஜெனரேட்டர் பழுது பார்த்துக்கொண்டு டாக்கா, லாகோஸ், கின்ஷாசா என்று அலைந்தவர். மின்சாரம் ஒழுங்காக வரும் ஊரில் அவருக்கு என்ன வேலை? அதனால் சொந்த ஊரான சிங்கப்பூருக்கு விருந்தாளி மாதிரிதான் வந்து போவார். இந்த முறை அவர் மனைவி லாய் பெங் கறாராகச் சொல்லிவிட்டார்: இருப்பதானால் இரு, போவதானால் இனி வராதே. கம்பெனியோ கின்ஷாசாவுக்கே திரும்பச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தது.

மனிதருக்கு இங்கே எதுவும் பிடிபடவில்லை. பொத்தானை அழுத்தியதுமே மின்தூக்கி வந்து நின்றால் சந்தேகப்பட்டுப் படியேறுவார். பேருந்தில் பையை வயிற்றோடு கட்டிக்கொள்வார். அவரைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் பையை இறுக்கிக்கொள்வார்கள். ஒருநாள் வண்டியே இல்லாத சாலையில் போக்குவரத்து விளக்கின் சிவப்பு மனிதனை மதிக்காமல் கடந்துவிட்டார். இந்தப் பக்கம் நின்ற நாங்கள், யாரோ கோயிலுக்குள் செருப்போடு போனதுபோல் பார்த்தோம். வண்டிதான் வரவில்லையே, யாருக்காக நிற்கிறீர்கள் என்று அங்கிருந்து கேட்டார். தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? இத்தனை வருடம் நின்றிருக்கிறேன், யோசித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் இருவரும் நானுமாக உணவங்காடிக்குப் போனோம். நிற்க இடமில்லை. காலியான ஒரு மேசைமேல் லாய் பெங், இங்கே எல்லாரும் இடம் பிடிப்பதுபோல், டிஷ்யூ பொட்டலம் ஒன்றைப் போட்டுவிட்டுக் காப்பி வாங்கப் போனார். பட்டா வாங்கிய நிலத்துக்குக்கூட எங்கள் ஊரில் அத்தனை மரியாதை கிடையாது. கிம் ஹோக் மட்டும் அதை நம்பாமல் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார். துணைக்கு நான்.

பக்கத்து மேசையிலும் ஒரு பொட்டலம் கிடந்தது, ஆள் இல்லை. தட்டோடு ஒரு கிழவர் அந்த மேசையையே சுற்றிச் சுற்றி வந்தார். நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்ததே தவிர உட்காரத் துணியவில்லை. கிம் ஹோக் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, அந்தப் பொட்டலத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கிழவரைத் தோளில் அழுத்தி உட்கார வைத்துவிட்டார்.

பொட்டலத்துக்குச் சொந்தக்காரப் பெண் வந்தாள். சண்டை போடவில்லை. எங்கள் ஊரில் யார் சண்டை போடுகிறார்கள்? தட்டை வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்து எல்லாரையும் படம் பிடித்தாள். கிழவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"எதுக்கும்மா கோவம்? ஆளு இல்லாம காகிதத்த வெச்சுட்டுப் போனா எடம் உன்னுதாயிடுமா? உக்காந்திருக்கறவனுக்குத்தான் எடம்" என்றார் கிம் ஹோக்.

காப்பியோடு லாய் பெங் அவர் முதுகுப்பக்கம் நின்றிருந்தார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"நீ மாசாமாசம் நோட்டு அனுப்புனியே, அதுவும் காகிதந்தான். அத வெச்சுக்கிட்டு வீட்டுல உன் எடத்த இத்தன வருசம் காவ காத்தேன். அப்ப அது உன் எடம் இல்லயா?"

கிம் ஹோக் பையிலிருந்த பொட்டலத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கிழவரை எங்கள் மேசையில் உட்காரச் சொன்னார். பிறகு சாப்பாடு வாங்கப் போய், அங்கிருந்த கடை வரிசைகளிலேயே நீளமானதன் கடைசியில் நின்றார். முட்டவில்லை, மோதவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருடைய கைப்பேசி அடித்தது. கம்பெனிதான், அவர்களுக்கு ஞாயிறு ஏது? ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய குரல், எங்கள் மேசைவரை கேட்டது.

"வர முடியாது. வரிசைல நிக்கிறேன். வுட்டா என் எடம் போயிடும்."

லாய் பெங் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது.

"அது மீன் சூப்புக் கடை. எனக்கு மீனு ஒத்துக்காதுன்னுகூட மறந்துட்டான் இந்த ஆளு."

போய்ச் சொல்லட்டுமா என்று நான் எழுந்தேன்.

"வேணாம் மணியம்" என்றார். "நிக்கட்டும்."