காலியாக இருந்த எச்சரிக்கைக் கட்டம்

படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. எழுத ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை இந்த விதியைச் சொல்லியே பல பேரின் சாபத்தை வாங்கினேன்.

அந்த அக்டோபர் காலையில், வள்ளத்தை இறக்கும் முன் தம்பி போன் செய்தான். "அண்ணே, வெப்சைட்ல என்ன போட்டிருக்கு?"

மீனவர்களுக்கான பக்கத்தைத் திறந்தேன். ஓத நேரம், டீசல் விலை, மீன் விலை எல்லாம் அதனதன் கட்டத்தில் இருந்தன. எச்சரிக்கைக் கட்டம் காலி.

"எச்சரிக்கை ஒண்ணும் இல்லலே. போயிட்டு வா."

பத்து மணிக்கு மாடியில் காயப்போட்ட என் வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில் போய் விழுந்தது. கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்தது. தம்பியின் போன் கிடைக்கவில்லை. பக்கத்தை மறுபடி திறந்தேன். டீசல் விலை வந்தது. அந்தக் கட்டம் அப்போதும் காலி.

தம்பி மகள் சென்னையில் இப்படிப்பட்ட பக்கங்களைக் கட்டுகிறவள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒவ்வொரு கட்டமும் ஒரு காம்போனென்ட், பெரியப்பா. தனித்தனியாச் செஞ்சு பொருத்துவோம். ஒண்ணு படுத்தாலும் மத்தது ஓடணும்லா."

"படுத்தது பாக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. காலியா விட்டுருவோம். சிவப்பா எர்ரர் காட்டினா பாக்க அசிங்கமா இருக்கும்லா." சிரித்தாள்.

பேசிக்கொண்டே சட்டையை மாட்டினேன்.

"ஏன் கேக்கிய? அப்பா கடலுக்குப் போயிருக்காவளா?"

"இல்லை" என்றேன். விதிப்படி, காலியாக விடவில்லை.

கரையில் போய் நின்றேன். வள்ளம் காணாமல் போனால் எந்த அலுவலகத்தில் எத்தனை நகல் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அதுதான் பயமாக இருந்தது. மனம் தானாகவே படிவத்தை நிரப்பிக்கொண்டு போனது: பெயர், வயது, கடைசியாகப் பேசியவர். கடைசியாகப் பேசியவன் நான்.

நாலு மணிக்கு வள்ளம் வந்தது. வலையைக் கடலிலேயே அறுத்துவிட்டு வந்த தம்பி, உதடு வெளுத்து இறங்கினான். "ஏண்ணே, ஒங்க கம்ப்யூட்டருக்குள்ள காத்தே அடிக்காதோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே அந்தப் பக்கத்தை நடத்துகிற அலுவலகத்துக்கு எழுதினேன்: கட்டம் வேலை செய்யாதபோது 'தகவல் வரவில்லை' என்றாவது அதில் வரட்டும். இரண்டு நினைவூட்டல்களும் போட்டேன். 'பக்கம் வடிவமைத்தபடியே இயங்குகிறது' என்று பதில் வந்தது. பதில் வந்த அன்று காலையும் கட்டம் காலிதான். "எச்சரிக்கை உண்டா இல்லையான்னு எனக்குத் தெரியாதுலே" என்று தம்பியிடம் சொல்லியும் அவன் போய்விட்டிருந்தான். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரையில்தான் நின்றேன். மனம் படிவத்தின் அடுத்த கட்டத்தை நிரப்பியது: தேதி, நவம்பர் பத்தொன்பது.